படை என்று நான் பெயர் வைத்த நோய்

தோல் வருத்தக்காரர் யாராவது வாசித்துப் பயன்பெறலாம், எழுதுங்கள் என்று என் மனைவி மல்லிகா நீண்ட நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயன்பெற்றால் சந்தோஷம். ஆனால் நான் அதற்காக எழுதவில்லை. நோய் இப்போது ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. வெட்கம் அடங்கவில்லை. அதை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் ரியூஷன் கொடுக்கிறவன். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையிலும் ஒரு வகுப்பு உண்டு. இருபத்தைந்து வருடங்களாக இரத்தத்தின் வெள்ளைக் கலங்களைப் பற்றிப் படிப்பித்திருக்கிறேன். உடம்புக்குள் எதிரி வந்தால் எந்தக் கலம் முதலில் ஓடிவரும், எது ஆளை அடையாளம் காட்டும், எது அடித்து முடிக்கும் என்று கரும்பலகையில் வண்ணச் சோக்கால் கீறிக் காட்டுவேன். அந்தக் கலங்களில் ஒரு கூட்டமே என் தோலுக்குள் தறிகெட்டுப் பெருகப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

முதல் தழும்பு வந்த இடத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உட்காரும் இடத்தில், வலது பக்கம். செம்மண் நிறத்தில், மேலே மெல்லிய பொருக்குடன், ஒரு நாணயத்தின் அளவு. எங்கள் ஒழுங்கையில் இருந்த குடும்ப வைத்தியர் எக்ஸிமா என்று சொல்லி ஒரு களிம்பு தந்தார். பூசினேன், மங்கியது. நிறுத்தினேன், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. நாலு வருடம் இப்படியே போனது. வகுப்பில் அரிப்பு எடுத்தால் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு மேசை விளிம்பில் உரசிக்கொள்வேன். மாஸ்டர் உற்சாகமாகப் படிப்பிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

இடுப்புக்கு ஏறிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனேன். காலை ஆறு மணிக்கே நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் உட்கார வேண்டும். குஷ்டரோகிகளும் அதே வாங்கில்தான் இருப்பார்கள். நான் ஆங்கிலப் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி இருப்பேன். ஒருநாள் என் மாணவி ஒருத்தியின் தாய் எதிரே வந்து நின்றார்.

"சேர், நீங்கள் இஞ்சை?"

"ஒரு சிநேகிதரைப் பாக்க வந்தனான்," என்றேன். சொல்லிவிட்டு எழுந்து போய், வாசலுக்கு வெளியே அரை மணித்தியாலம் நின்றேன். என் நம்பர் போய்விட்டது. மறுபடியும் அடுத்த வாரம் போனேன்.

பயொப்சி என்பது பெரிய விஷயம் இல்லை. விறைக்க ஊசி போட்டு, பென்சில் முனையளவு தோலைத் துளைத்து எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்கிறார்கள். பெரிய விஷயம் காத்திருப்பதுதான். முதல் இரண்டும் ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை. இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸிமா மாதிரியே வேஷம் போடுமாம். மூன்றாவது துண்டில் அகப்பட்டது.

டொக்டர் என் வயதுச் சிங்களப் பெண்மணி. என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். தோலில் வரும் லிம்போமா. காவலுக்காகத் தோலுக்கு வந்துபோகிற ஒருவகை வெள்ளைக் கலம் கட்டுப்பாடு இழந்து அங்கேயே குடியிருந்து பெருகுவது. புற்றுநோய்தான், ஆனால் அநேகமாக மெதுவாக நடக்கிற புற்றுநோய். மைக்கோசிஸ் பங்கோயிடிஸ் என்று பெயர். பங்கஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முற்றிய கட்டிகள் காளான் போலத் தெரிந்ததால் முந்தைய காலத்தில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மஹரகமவுக்குப் போகவேணுமா?" என்று கேட்டேன். கொழும்பில் மஹரகம என்ற ஊரின் பெயரைச் சொன்னாலே புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றுதான் அர்த்தம்.

"இப்போது தேவையில்லை," என்றார். "இது தழும்பாகவே பல வருடம் இருக்கலாம். கட்டியாகவும் மாறலாம். கெட்ட கலம் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம்."

பிறகு என்னை நுணுக்குக்காட்டி இருந்த அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். உயிரியல் மாஸ்டர் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அந்த மரியாதை. ஊதா நிறத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். எல்லாம் கெட்டவையா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். ஆரம்ப நிலையில் அந்தக் கூட்டத்தில் கெட்டவை கொஞ்சம்தான். மிச்சம் பெரும்பாலும் நல்லவை, கெட்டவற்றை மடக்க ஓடிவந்தவை. அவை சுற்றி நின்று வேலையைச் செய்யும்வரை தழும்பு தழும்பாகவே இருக்கும். ஆனால் கெட்ட கலம் சும்மா இருப்பதில்லை. சில இரசாயனங்களைச் சுரந்து சுற்றியிருப்பவற்றைத் தன் வழிக்குத் திருப்பப் பார்க்கும். காலப்போக்கில் காவல் கலங்கள் சோர்ந்துபோகும், தொகையிலும் குறையும். குப்பை அள்ளுகிற கலங்கள் குப்பையை விட்டுவிட்டு எதிரிக்கே இரத்தக் குழாய் வளரவும் வழி திறக்கவும் உதவத் தொடங்கும். சொறிந்த புண்ணில் குடியேறும் கிருமிகூட நெருப்பில் எண்ணெய் ஊற்றும். அந்தச் சூழல் மாறினால் நோய் கீழே இறங்கும், நிணநீர்க் கணுவுக்குப் போகும்.

"ஆகவே சொறியாதீர்கள். தோலைக் காயவிடாதீர்கள். சிகிச்சையை ஒருநாளும் தவறவிடாதீர்கள்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் சட்டம் போட்டதுதான். லிம்போமா, புற்றுநோய் என்ற சொற்கள் இந்த வீட்டுக்கு வெளியே போகக் கூடாது. ஊர் அதைக் குஷ்டம் என்று மாற்றிவிடும். பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். ஊரிலே இருக்கிற சொந்தக்காரருக்கு எழுத வேண்டி வந்தால் 'படை' என்று எழுதுங்கள். படை யாருக்குத்தான் வரவில்லை? தேகத்தில் வட்டமாகப் படரும், களிம்பு பூசினால் போய்விடும். நோயின் பெயரிலேயே பங்கஸ் இருக்கிறது, ஆகவே அது முழுப்பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கோ படை என்றுகூடச் சொல்ல வேண்டாம், ஒன்றுமே இல்லை.

இந்தச் சட்டம் இரண்டு பேருக்கு. ஒருத்தி மல்லிகா. மற்றவள் அவளுடைய தங்கை யோகா. பல்லுக்கு வைத்தியம் பார்க்க இரண்டு கிழமை என்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் யுத்தம் மறுபடி தொடங்கி யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள். அவள் எங்களோடு தங்கிவிட்டாள். நாற்பது வயது, கலியாணம் ஆகவில்லை. சத்தமில்லாத மனுஷி. மல்லிகா விடியவே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவாள் என்பதால் என் ஆஸ்பத்திரிப் பயணங்கள் எல்லாம் யோகாவின் தலையில் விழுந்தன.

சிகிச்சை ஒளியால். திங்களும் வியாழனும். ஒரு மாத்திரை விழுங்கி இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, உடுப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நெடுக நீல ரியூப் லைற்றுகள் பூட்டிய ஒரு பெட்டிக்குள் நிற்க வேண்டும். மாத்திரை தோலை ஒளிக்கு இளக்கிக் கொடுக்கும், ஒளி கெட்ட கலங்களைக் கொல்லும். மாத்திரையால் குமட்டும். அன்று முழுவதும் வெயில் படக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. யோகா இஞ்சி பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு வாசலில் இருப்பாள். எனக்கு முதுகு எட்டாததால் வெள்ளைக் களிம்பு பூசிவிடுவதும் அவள்தான். கையுறை போடச் சொன்னேன். "தொற்றாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்று வெறுங்கையால் பூசினாள். சோதனைச் சாவடியில் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் எனக்கு முந்தி அவளே உடைந்த சிங்களத்தில், "எஸ் லெட, சேர்," என்பாள். கண் வருத்தமாம். எனக்காகப் பொய் சொல்ல அவளைப் பழக்கியது நான்தான்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிபோல எங்கள் தொடர்மாடியைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். அந்த நாட்களில் இது ஒன்றும் புதினம் இல்லை. எல்லோரும் அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவுத் துண்டோடும் கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மல்லிகா பள்ளிக்கூடத்தில். நானும் யோகாவும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் என்னிடம் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் அவர்களின் தாய் தகப்பனும்.

யோகாவின் கைப்பையில் பாதி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஊரில் இருக்கும் மூத்த அக்காவுக்கு. தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்க உரக்க வாசித்தார்.

"படை இடுப்பாலை மேலை ஏறி இப்ப முதுகிலையும் ரெண்டு இடத்திலை நிக்குது. லைற் அடிக்க அடிக்கப் பின்வாங்குமாம். சுத்தி நிக்கிற ஆக்கள்தான் முக்கியமாம் அக்கா. அவை சோர்ந்துபோனால் இல்லாட்டி மற்றப் பக்கம் மாறினால் படை உள்ளுக்கை இறங்கிடுமாம். இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதாம்."

டொக்டர் எனக்கு விளக்கியதை நான் வீட்டில் விளக்கினேன். அதை அவள் கவனமாகக் கேட்டு, நான் கொடுத்த சொல்லைப் போட்டு எழுதியிருக்கிறாள். படை என்றால் தோல் வருத்தமும்தான், இராணுவமும்தான். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது இந்தக் கெட்டித்தனமான உயிரியல் மாஸ்டருக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பொலிஸ்காரர் அதிகாரியைப் பார்த்து, "ஹமுதாவ, சேர்," என்றார். இராணுவம்.

"இல்லை சேர்," என்றாள் யோகா. "படை எண்டால் வருத்தம். தோலிலை வாறது."

அந்தப் பொலிஸ்காரர் கிழக்குப் பக்கத்து முஸ்லிம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். எங்கட ஊர்லயும் தோல்ல வாறத்துக்குப் படை எண்டு செல்லுவம்," என்று சொல்லிவிட்டு, சிங்களத்தில் அதிகாரிக்கும் விளங்கப்படுத்தினார். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. தலையை ஆட்டிவிட்டு மிக நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"கவுத லெடா?" நோயாளி யார்?

யோகா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் சேட்டைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். இரண்டு செக்கன் வேலை. என் பின்னால் அந்தப் பிள்ளைகள் நின்றன, தாய் தகப்பன் நின்றார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று எழுதலாம். அது பொய். நாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊரிலை ஒரு ஆளுக்கு, சேர்," என்றாள் யோகா.

அதிகாரி கடிதத்தோடு இருந்த உறையைத் திருப்பிப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். "நோயாளி யாழ்ப்பாணத்தில் என்றால், யாழ்ப்பாணத்துக்கு ஏன் இங்கேயிருந்து செய்தி எழுதுகிறாய்?" என்று கேட்டார். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது வீட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டு ஏறினாள்.

டொக்டர் சொன்ன கதையை இங்கே பொருத்தி, நானும் சோர்ந்துபோன ஒரு காவல் கலம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கலத்துக்கு வெட்கம் கிடையாது, அது தெரிந்து எதையும் செய்வதில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மல்லிகா இரண்டு மணிக்கு வந்தாள்.

"நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப சொல்லியிருக்கலாமே, எனக்குத்தான் எண்டு?"

அவள் என்னை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. பயொப்சி அறிக்கையை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போனாள். அதிகாரி இல்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் போனாள். நான் லோயரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினேன். அன்று பின்னேரம் லோயர் சொன்னதும் அங்கே அதிகாரி சொன்னதும் ஒன்றேதான். பேப்பரில் பங்கோயிடிஸ் என்று ஏதோ இருக்கிறது, படை என்று இல்லை. நோயாளியை வரச் சொல்லுங்கள்.

"இனி என்ன சாக்குச் சொல்லப் போறீங்கள்?" என்று மல்லிகா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். அதே அதிகாரி, அதே தமிழ் தெரிந்த பொலிஸ்காரர். நான் சேட்டைக் கழற்றத் தொடங்கியதும் அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. முதுகையும் இடுப்பையும் காட்டினேன். பயொப்சித் தழும்பைக் குனிந்து பார்த்து, இது குண்டுக் காயமா என்று கேட்டார். டொக்டர் வெட்டியது என்றேன். கடிதத்தை வரி வரியாக வாசித்து விளக்கினேன். லைற் என்றால் இது, பின்வாங்குவது என்றால் இது, சுற்றி நிற்கிற ஆட்கள் என்றால் இவை. கடைசியில் ஒரு நல்ல பாடமாகவே அது முடிந்தது.

"எய் எதா கிவ்வெ நெத்தே?" என்றார். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?

எனக்கு நன்றாகச் சிங்களம் வரும். ஆனால் அந்த நேரம் ஒரு சொல்தான் வந்தது. "லெஜ்ஜய், சேர்."

வெட்கம். அவர் சிரிக்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார். நோயாளி நானே என்பதை வெட்கம் காரணமாக மறைத்தேன் என்று சிங்களத்தில் எழுதியதன் கீழ் கையெழுத்துப் போட்டேன்.

யோகாவை மத்தியானம் விட்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகு கப்பலில் இடம் கிடைத்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். என் தழும்புகள் இப்போது இரண்டுதான், அவையும் வெளிறிவிட்டன. சுற்றி நிற்பவர்கள் இன்னும் உங்கள் பக்கம்தான் என்று டொக்டர் கடைசித் துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். வகுப்பில் எனக்கு இன்ன வருத்தம் என்று நானே சொன்னேன். மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவ்வளவுதான். அந்த மூன்று பேருக்காகத்தான் இவ்வளவும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரு த்ரீவீலரில் திரும்பினோம். யோகா நடுவில். அதே உடுப்பு, முகம் வெளுத்திருந்தது. தலையை வாரக்கூட அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. அடித்தார்களா என்று மல்லிகா கேட்டாள். இல்லை, கேள்விதான் கேட்டார்கள் என்றாள். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நேற்று வியாழக்கிழமை எல்லோ அத்தான். லைற்றுக்குப் போனனீங்களோ?"

"என்ன கேள்வி கேக்கிறாய்?" என்று மல்லிகா குறுக்கே விழுந்தாள். "அந்த மனிசன் உனக்காக லோயர் வீடு லோயர் வீடாய் அலைஞ்சது. லைற்றுக்குப் போக எங்கை நேரம்?"

"விடக் கூடாதெல்லோ அக்கா," என்றாள் யோகா, என் மேல் பிழை இல்லை என்பதுபோல.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா இதை வாசிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியவரும். போனேன். லோயரிடம் போக முதல், வழமையான நேரத்துக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் நின்றேன், ஒரு நிமிடமும் குறையாமல். வெளியே வந்தபோது தாதி வாசல் வாங்கைப் பார்த்துவிட்டு, தங்கச்சி இன்றைக்கு வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"கெதர வெட," என்றேன். வீட்டிலே வேலையாக இருக்கிறாள் என்று.